பலகையில் பூட்டிய காப்பி மிஷின்

3 பிப்ரவரி, சனி

காலையில் பனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. கொடியில் மறந்து விட்ட துணியெல்லாம் கரித்தூள். பாப்பாவின் அரைத்துணி மொத்தமும் மறுபடி அலசல். இந்த ஊரில் வெள்ளை வேட்டி கட்டுகிறவர்களைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

ஏற்காட்டிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய பை வந்தது. பச்சைக் காப்பிக்கொட்டை, பாதி பீபரி, அந்த ஒற்றை உருண்டைக்கொட்டை ஜாதி. 'பிள்ளை பெத்த உடம்பு, கடைத்தூளைக் குடிக்காதே' என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறான். நல்லது. எதில் அரைப்பதாம்? அம்மியிலா?

கடைத்தூளைப் பற்றி அவன் சொன்னது சரிதான். பாதிக்கு மேல் சிக்கரி. டிகாஷன் கன்னங்கரேலென்று இறங்குகிறது, வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. அவரானால் அதைக் கஷாயம் மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிறார். ஒரு வார்த்தை கிடையாது.

அதுதான் எனக்கு உறுத்தல். நான் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு, கோபிக்குப் போகும்வரை இந்த மனிதர் இப்படியா இருந்தார்? ஷிப்ட் முடிந்து சைக்கிளைச் சாத்தும்போதே, "இன்னிக்கு ரெண்டாம் டிகாஷன், சரியா?" என்பார். அடுத்த வீட்டில் பருப்பு அடிப்பிடித்தால் நம் வாசலிலிருந்து சொல்லுவார். பெயர் பழனிச்சாமி, நிலக்கரி மைன்ஸில் அவர் செக்‌ஷனில் கூப்பிடுவது 'மூக்குச்சாமி'. பொங்கல் கழிந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்ததிலிருந்து காப்பி நல்லது என்றும் இல்லை, மோசம் என்றும் இல்லை. நான் இல்லாத நாளில் வேறு எங்காவது நாக்கு பழகிவிட்டதோ? கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது." எல்லாம் என்றால் எது?

சாயங்காலம் பாப்பா அவர் மடியிலேயே வெளிக்கு இருந்துவிட்டாள். மனிதர் பேப்பர் படித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, இதுகூடவா தெரியல?"

"ஈரம் ஒண்ணும் தெரியலயே."

சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா.

முடிவு: காப்பிக்கொட்டை அரைக்கிற கை மிஷின் ஒன்று, சொந்தமாக. இவர் வாயிலிருந்து ஒரு 'நல்லா இருக்கு' வாங்காமல் விடப்போவதில்லை.

5, திங்கள்

அடுத்த வீட்டு பார்வதி அக்காவிடம் மிஷின் இரவல். அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சீதனமாக வந்த மிஷின். மரப்பெட்டி, மேலே பித்தளைக் கிண்ணம், கைப்பிடி, கீழே குட்டி டிராயர். இந்த வரிசை முழுக்க அது சுற்றுகிறது. திருப்பிக் கொடுக்கும்போது டிராயரில் ஒரு ஸ்பூன் தூள் விட்டுத்தான் கொடுக்கவேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். அக்கா வீட்டில் காப்பித்தூளே வாங்குவதில்லை என்று சந்தேகம்.

"துடையிடுக்குல இறுக்கி வச்சுக்கிட்டு சுத்தணும்ட்டி. நழுவிட்டுன்னா என்னைய வையாத."

கொஞ்சம் கொட்டையை வாணலியில் வறுத்து, இறுக்கிப் பிடித்து, சுற்றினேன். பெட்டி ஒரு பக்கம் திரும்புகிறது, நான் ஒரு பக்கம். டிராயர் நிறைந்தால் இரண்டு டம்ளருக்குக் காணும். துடை இரண்டும் சிவந்துவிட்டது. தூள் ரவை பதம். டிகாஷன் பில்டரில் நிற்காமல் தண்ணீராக ஓடியது. அவர் குடித்தார், டம்ளரை வைத்தார். இந்தக் காப்பிக்கு நானே ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன், விடு.

வாங்கவேண்டியவை: பாப்பாவுக்கு வசம்பு, நூல்கண்டு, விளக்குத்திரி, மிஷின்.

7, புதன்

பா. அக்காவோடு வடலூர். பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பாப்பா வழியெல்லாம் தூக்கம், பாத்திரக்கடைக்குள் நுழைந்ததும் அழுகை.

கடைக்காரர் பொறுமைசாலி. "பாருமா, இது மேசை ஓரத்துல மாட்டிகினு சுத்தறது. இது செவுத்துல அடிக்கறது. இது பொட்டி. வூட்ல எதுக்கு எடம் இருக்குதுன்னு பாத்துகினு வாங்குங்க."

யோசனைக்காக எழுதி வைக்கிறேன்:

பெட்டி மிஷின் – பார்க்க அழகு. என் துடைக்கு ஆகாது.

சுவர் மிஷின் – கண்ணாடி ஜாடி வைத்தது, கொட்டை தானே இறங்கும். ஆனால் குவார்ட்டர்ஸ் சுவர். ஆணி அடிக்கக்கூட ஆபீசில் அனுமதி கேட்டு வாங்கவேண்டும். காலண்டரே ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது எங்கள் வீட்டில்.

மேசை மிஷின் – வார்ப்பிரும்பு, நல்ல கனம். அடியில் திருகு. முன்னால் ஒரு திருகாணி, அதைத் திருப்பினால் நைஸ், தளர்த்தினால் ரவை. இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் வீட்டில் மேசை இல்லை. சமையல் மேடை சிமெண்ட், அந்தத் தடிமனுக்கு இந்தத் திருகின் வாய் திறக்காது.

"மேடையை இடிச்சிருவமா?" என்று அக்கா கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். வசம்பு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

8, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் மேசை மிஷின் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சரியம்! மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேப்பர் ஓரத்தில் பென்சிலால் படம் போட்டார். "மேசை எதுக்கு? ஒரு தடிப் பலகைல பூட்டிரலாம். அருவாமணை மாதிரி பலகை மேல நீ உக்காந்துக்க, மிஷினு முன்னால நிக்கும். ஆடாது."

கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். மிஷின் பற்றி அவ்வளவு பேசினார், கொட்டை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பீபரி என்று சொன்னேன். "ம்" என்றார்.

பரவாயில்லை. இவ்வளவு நாளில் இன்றுதான் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

10, சனி

வாங்கியாயிற்று! அவரே வந்தார். மூன்று மிஷினை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் கைப்பிடியையும் சுற்றி, காதை வைத்துக் கேட்டார். "இதுல பல்லு ஒரசுது. இதுல அச்சு கோணல். இது சரி." கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு ஒரு பிடி வறுத்த கொட்டையைக் கடைக்காரர் போட்டு அரைத்துக் காட்டினார். அம்மாடி! கடை முழுக்க மணம். பக்கத்தில் சொம்பு பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாள்கூடத் திரும்பி, "எங்கே காப்பி?" என்றாள். இவர் திருகாணியின் மரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மனிதரோ.

பஸ்ஸில் மிஷின் என் மடியில், பாப்பா அவர் மடியில். பாப்பாவைவிட மிஷின் கனம்.

11, ஞாயிறு

பூசம். ஊரே ஜோதி பார்க்க வடலூரில். நாங்கள் போகவில்லை. அவருக்கு வார லீவு, விடிந்ததிலிருந்து பின்வாசலில் மிஷினோடு சம்சாரம்.

மைன்ஸ் ஆட்களுக்கு ஒரு வியாதி. எந்த மிஷின் கைக்கு வந்தாலும் பிரித்து, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, கிரீஸ் வைத்து, மறுபடி பூட்டினால்தான் நிம்மதி. புதுசாக இருந்தால் என்ன, அவர்கள் கை பட்டால்தான் மிஷின். என் தையல் மிஷின், டேபிள் பேன், பா. அக்கா வீட்டு சைக்கிள், எல்லாம் அந்தக் குளியல் குளித்தவைதான். படியில் மண்ணெண்ணெய் கொட்டி, வீடே அந்த வாடை. பலகை அருமையாக அமைந்தது. இழைத்து, விளிம்பை மழுக்கி, கால் கூட வைத்திருக்கிறார்.

நான் அடுப்பில் கொட்டை வறுத்தேன். முதல் ஈடு நல்ல நிறம். இரண்டாவது ஈடு போட்டதும் பாப்பா அழுதாள், போய்த் தூக்கினேன். திரும்பி வந்தால் வாணலியில் கரி. கமறல். கண்ணைக் கரிக்கிறது. இவர் மூன்றடி தள்ளி, அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

"ஏனுங்க! பக்கத்துல உக்காந்துட்டு கருகறதுகூடத் தெரியலீங்களா? அண்ணன் அனுப்பினது!"

"கவனிக்கல வசந்தா."

கவனிக்கவில்லையாம். சாயங்காலம்வரை நான் பேசவில்லை.

12, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வெயில் நன்றாக வந்துவிட்டது. இந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட், காலையில் வீட்டில். பலகையில் உட்கார்ந்து சுற்றினேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது கைப்பிடி. தூள் சரியான பதம். மண்ணெண்ணெய் வாடை இருந்தது, ஆனால் அது நேற்றிலிருந்தே வீடெல்லாம் இருக்கிறதே, படியில் கொட்டினது என்று விட்டுவிட்டேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முதல் டம்ளர் அவருக்கு.

குடித்தார். முழுக்க. என் முகத்தைப் பார்த்தார். "பிரமாதம் வசந்தா. இதுதான் காப்பி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் பா. அக்காவைக் கூட்டிவந்தேன். அக்கா ஒரு வாய் வைத்தாள். ஓடினாள் வாசலுக்கு.

"தூ! என்னட்டி இது, காப்பியா, சீமெண்ணெயா? கொடலைப் பெரட்டுது!"

நானும் ஒரு வாய். உமிழ்ந்துவிட்டேன். மண்ணெண்ணெய், அதற்குமேல் கிரீஸ். டம்ளரின் மேலே வர்ணம் வர்ணமாகப் படலம். இதை அவர் அடிவரை குடித்திருக்கிறார்.

அக்கா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒம் மாப்பிளைக்கு ஒம்மேல அம்புட்டு ஆசைட்டி. எங்க வீட்டுலன்னா டம்ளர் கூரைக்குப் போயிருக்கும்." நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. என் மனம் நோகக்கூடாதென்று மண்ணெண்ணெயைக் குடித்த மனிதர்!

அக்கா போனபிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நேற்றுக் கருகின வாணலி கையில். சட்டென்று கை நின்றுவிட்டது. கருகல். பாப்பாவின் அரைத்துணி. கடையில் அந்த மணம். அப்புறம் இந்தக் காப்பி.

அவர் பாயில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நேற்று அவர் மிஷின் துடைத்த துணியை எடுத்துப்போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். துணியை அவர் தோளுக்குப் பக்கத்தில், பேப்பருக்குக் கீழே நீட்டினேன். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினாள். அவர் பேப்பரைப் புரட்டினார்.

"ஏனுங்க."

"ம்?"

"என்ன வாடை அடிக்குதுங்க?"

பேப்பரை இறக்கினார். துணியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்ப இருந்துங்க?"

பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "நீ ஊருக்குப் போனதுக்கப்புறம். ஐப்பசி மழைல காய்ச்சல் வந்துச்சே."

சின்னக் காய்ச்சல் என்றுதான் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார், நேரத்துக்கு முன்னாலேயே. சாப்பாட்டு டப்பா அடுக்களையிலேயே இருக்கிறது.

எனக்கு அழுகைகூட வரவில்லை. அடித்து உட்கார வைத்ததுபோல் இருக்கிறது.

13, செவ்வாய்

காலை. பேசினார். நான் விடவில்லை, அதனால் பேசினார்.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று மெஸ்ஸில் ரசம் வெறும் வெந்நீராக இருந்ததாம். சளி என்று நினைத்தாராம். சளி போயிற்று, மூக்கு வரவில்லை. உப்பு தெரியும், இனிப்பு தெரியும், கசப்பு தெரியும். மணம் என்று ஒன்று கிடையாது. சோப்பை மூக்கில் அழுத்திப் பார்த்தாராம். பூண்டை நசுக்கிப் பார்த்தாராம். "செவுரை மோந்து பாக்கற மாதிரி இருக்குது."

மிஷினைப் பூட்டும் முன்னால் எப்போதும் மோந்து பார்ப்பாராம், மண்ணெண்ணெய் போயிற்றா என்று. இந்தத் தடவை துணியால் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். விரலுக்கு என்ன தெரியும்.

காப்பியை என் முகத்தைப் பார்த்துத்தான் 'பிரமாதம்' என்றாராம். "நீ அத்தனை ஆசையா நின்னுட்டு இருந்த." வாங்கியாயிற்று அந்த வார்த்தையை. எனக்கு வேண்டாம்.

சரி, இதுவரை துக்கம். இனிமேல்தான் பயம். இவர் வேலை என்ன? கரி போகிற பெல்ட்டின் ஓரமாக ஷிப்ட் முழுக்க நடக்கிற வேலை. அடியில் வரிசையாக உருளைகள். ஒன்று சிக்கினால் சூடேறும், ரப்பர் கருகும், மேலே போவதோ சும்மா கிடந்தாலே கனன்று பிடித்துக்கொள்கிற கரி. கண்ணுக்குப் புகை தெரியும் முன்னால் மூக்குக்குத் தெரியவேண்டும். கல்யாணமான புதிதில் இவரே பெருமையாகச் சொன்னது. பெல்ட் நீளத்துக்கு ஆட்கள் வேலை செய்கிறார்கள், "மூக்குச்சாமி இருக்கார்" என்று நிம்மதியாக.

அந்த மூக்கு ஐப்பசியிலிருந்து கிடையாது!

"ஏனுங்க சொல்லல?"

"மெடிக்கல்ல அன்பிட்டு, வேலைக்கு லாயக்கில்லன்னு போட்டுட்டா? பாப்பா வேற பொறந்துட்டா. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு இருந்துட்டேன்."

"ஒருத்தருக்கும் தெரியாதா?"

தலையைக் குனிந்துகொண்டார். "காதர் பாய்க்குத் தெரியும்."

காதர் பாய் இவரோடு ஜோடியாகப் பெல்ட்டில் நடக்கிறவர். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துப் போட்டுக்கொண்டு, காப்பி சரியில்லையோ, நான் சரியில்லையோ என்று மிஷினுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

14, புதன்

பனி. பாப்பாவுக்கு லேசாக இருமல். வசம்பு சுட்டுக் கொடுத்தேன்.

காதர் பாயே வந்தார், கல்யாணப் பத்திரிகையோடு. தங்கைக்கு. மேல்பட்டாம்பாக்கத்தில். உட்காரச் சொல்லி, கடைத்தூளில் காப்பி கொடுத்தேன். இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"பாய், எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நான் எப்படிம்மா வந்து சொல்றது? என் கையைப் புடிச்சிகினு அழுதாரு. நான் என்ன பண்ணேன், என் பக்கம் முடிச்சிட்டு அவரு பக்கமும் ஒரு நடை நடந்துகினு இருக்கேன். ரெண்டு பக்கமும் என் மூக்குதான்."

"தினமுமா?"

"தினமும்தான்மா. அவரு கண்ணும் காதும் இப்பவும் கெட்டிங்க. மூக்குக்கு நான் இருக்கேன்னு ஓட்டிகினு இருந்தோம்." பத்திரிகையைத் தொட்டுக் காட்டினார். "திங்கக்கெழமையிலேர்ந்து நான் லீவு. அதான் எனக்கும் பயமா இருக்குது. சொல்லிடு சாமின்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். நீங்களாச்சும் சொல்லுங்க."

திங்கட்கிழமை முதல் இவரோடு நடக்கப் போவது இப்போதுதான் பர்மனென்ட் ஆன ஒருவர். அந்தப் பெல்ட்டுக்குப் புதிது, விருத்தாசலத்துக்காரர், வீட்டில் இரண்டு குழந்தைகள். அவரிடம் செக்‌ஷனில் சொல்லியிருக்கிறார்களாம்: "நீ ஒண்ணும் பயப்படாத, மூக்குச்சாமி கூடப் போற."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

16, வெள்ளி

மிஷினைச் சுத்தம் பண்ணப் பச்சரிசி போட்டு அரைத்தேன். கறுப்பாக வந்தது. மறுபடி போட்டேன், சாம்பல் நிறம். மறுபடி. நிறம் வெளுத்தது, வாடை போகவில்லை. சோடா உப்பு, வெந்நீர், சீயக்காய், எல்லாம் ஆயிற்று. அரைப்பதும் மோந்து பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் கதவோரம் நின்று நான் மோந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும் போய்விட்டார்.

பிறகு சண்டை. பாப்பா தூங்குகிறாள் என்பதால் இருவரும் கிசுகிசுத்துச் சண்டை போட்டோம்.

"திங்கக்கெழமைக்குள்ள சொல்லிருங்க."

"நீ சும்மா இரு. உனக்கு அங்க நடக்கறது தெரியாது."

"தெரியாதுதான். அந்த விருத்தாசலத்துக்காரருக்கும் தெரியாது. உங்களை நம்பித்தான் அவரு நடப்பாரு. அவரு வீட்டுலயும் ஒருத்தி என்னை மாதிரி உக்காந்திருப்பா."

"வேலை போனா இந்த வீடு யாருது? எங்க போய் நிக்கறது?"

"எங்கண்ணன் காப்பிக்காட்டுல போய் நிப்போம். வேலைக்குப் போன மனுசன் திரும்பி வரோணும், அதான் எனக்கு வேணும். நீங்க சொல்லலீன்னா நானே பாப்பாவைத் தூக்கிட்டு உங்க ஆபீசுக்கு வந்து சொல்லுவேன்."

என்னை அப்படிப் பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்ததில்லை, இன்றும் அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சொன்னது சரி என்று தெரிகிறது. ஆனால் வேலை போய்விட்டால்? நிஜமாகவே போய்விட்டால்? இந்த ஊரில் பெரும்பாலும் எல்லா வீடும் அந்த வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடுதான். பெரிய வாய் பேசிவிட்டேன்.

18, ஞாயிறு

பேச்சு இல்லை. அரிசி, பருப்பு, சோப்பு வாங்கிவந்தார். வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலீஷ். பா. அக்கா எட்டிப் பார்த்து, "மிஷினு வாடை போயிட்டாட்டி?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "ஒம் மாப்பிளைக்கு அதான் பிடிக்கும்னா விட்டுரேன்" என்று சிரித்தாள். நானும் சிரிப்பது மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். அக்காவிடம் எதையும் மறைத்ததில்லை, இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவர் எப்படிச் சொல்லாமல் இருந்தார் என்று கொஞ்சம் புரிகிறது.

காதர் பாய் மதிய பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

சாப்பாடு போடும்போது கேட்டேன், "நாளைக்கு?"

"பாக்கலாம்."

அவ்வளவுதான்.

19, திங்கள்

முதல் ஷிப்ட். நான் எழுந்தபோது ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவைத் தொட்டுவிட்டுப் போனார். சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டார், அது ஒரு ஆறுதல்.

உலை வைத்தேன், இறக்கினேன். துணி துவைக்க உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எங்கேயோ ஒரு வண்டி, தீயணைப்பு வண்டிபோல, மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான், உயிரே போய்விட்டது. நல்ல புடவை கட்டிக்கொண்டேன். பாப்பாவுக்குச் சட்டை போட்டு, தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரைப் பார்ப்பது, எந்த கேட், என்ன சொல்வது, ஒன்றும் தெரியாது. பிளாக் முனை தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

எதிரே அவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஷிப்ட் முடிய எவ்வளவோ இருக்கிறது.

எனக்குக் கேட்கவும் பயம். அவரே சொன்னார், "சொல்லிட்டேன்."

முதலில் இன்ஜினியர் சிரித்தாராம், லீவுக்குப் புதுக் காரணம் என்று. பிறகு பஞ்சில் ஏதோ நனைத்து நீட்டினாராம். இவர் மோந்துவிட்டு, தண்ணீரா என்று கேட்டாராம். இன்ஜினியர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "எப்ப இருந்து?" என்று அவர் கேட்டதற்கு, ஐப்பசியிலிருந்து என்று சொன்னாராம். பெல்ட்டில் இனிமேல் நடக்கக்கூடாது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை போன் எடுக்கிற ரூமில் உட்கார வேண்டும், நாளையிலிருந்து. அதற்குப் பிறகு என்ன என்று அவர்களுக்கும் தெரியாது. விருத்தாசலத்துக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. கை மட்டும் சில்லுனு இருந்துச்சு."

வீட்டுக்கு வந்தோம். முகம் கழுவினார். நான் சாதம் போடப் போனேன். திரும்பினால் பாப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து, இழுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறார். விட்டுவிட்டு மறுபடி இழுக்கிறார். தோள் ஏறி இறங்குகிறது.

"வசந்தா, இவ எப்படி வாசம் அடிப்பா?"

பெல்ட், வேலை, வீடு, மண்ணெண்ணெய் என்று இத்தனை நாள் எல்லாவற்றையும் நினைத்தேன். இது ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு பிறந்த பிள்ளை. ஒரு தடவைகூட இவருக்கு அவள் வாசனை தெரியாது.

"சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து மோந்து பார்த்தேன். "பால் வாசம்ங்க."

"அப்புறம்?"

"சாம்பிராணி. கொஞ்சம் வேர்வை. காதுக்குப் பின்னால எண்ணெய்."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை. மறுபடி குனிந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.